வீட்டுப் புரோக்கரோடு விலை பேசுதல்: கொழும்பில் முதல் வீடு தேடுவோருக்கு

வெள்ளவத்தையில் ஒருவர் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தால் போதும், அறிவுரை தேடி வரும். "சொல்ற விலையில் கால்வாசியை வெட்டிப் போட்டுக் கேள்" என்பார் ஒருவர். "புரோக்கர்மார் எல்லாம் கள்ளர், வாயே திறக்காதே" என்பார் இன்னொருவர். "எனக்கு ஒரு ஆளைத் தெரியும், நமக்காகக் கதைத்துக் குறைத்துத் தருவார்" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றையும் அப்படியே நம்பிப் போனால் காசு போகும்.

நானும் அப்படிப் போனவன்தான். முதல் தொலைபேசி அழைப்பிலேயே "பட்ஜெட் எவ்வளவு சேர்?" என்று கேட்டார் ஒரு புரோக்கர். நேர்மையான மனிதனாக உண்மையைச் சொன்னேன். அதன்பின் ஆறு வாரம் எனக்குக் காட்டப்பட்ட வீடுகள் எல்லாமே, என்ன அதிசயமோ, நான் சொன்ன தொகைக்கு ஐந்து இலட்சம் மேலேயே இருந்தன. அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கல்யாணப் புரோக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்

கல்யாணப் புரோக்கர் மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைப் பற்றியும் பெண் வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றியும் நல்லதாகச் சொல்வார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் தயங்கினால், "அவங்க இன்னும் ரெண்டு இடத்தில கதைச்சுக்கொண்டு இருக்கினம்" என்பார். சீதனப் பேச்சு இறுகினால் இரண்டு பக்கமும் ஓடி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் இறக்கி வைப்பார். அவர் எந்தப் பக்கத்து ஆள்? இரண்டு பக்கமும் இல்லை. தாலி ஏறினால் அவருக்குக் காசு, ஏறாவிட்டால் நடந்த செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் அவர் கல்யாணத்தின் பக்கம்.

வீட்டுப் புரோக்கரும் அப்படித்தான். அவருக்குக் கிடைப்பது கமிஷன், அதாவது வீடு விற்கப்பட்டால் மட்டும் விற்ற விலையில் ஒரு வீதமாகக் கிடைக்கும் கூலி. கொழும்பில் வழக்கமாகப் பேசப்படுவது மூன்று வீதம், பெரும்பாலும் விற்பவர் கொடுப்பது. தெருவில் அலைந்து வீடு காட்டும் புரோக்கர்களில் சிலர் வாங்குபவரிடமும் ஒரு வீதமோ இரண்டு வீதமோ கேட்பார்கள். பத்து வீடு காட்டி ஒன்றும் முடியாவிட்டால், முச்சக்கரவண்டிக் காசு கூட அவர் கையிலிருந்துதான் போகும்.

மூன்று வீதத்தின் கணக்கு

எண்ணை வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். ஒரு வீட்டுக்கு 450 இலட்சம் கேட்கிறார்கள். நீங்கள் 430 இலட்சத்துக்கு வாங்க நினைக்கிறீர்கள். இடையில் நிற்பது 20 இலட்சம். விற்பவருக்கு அது பெரிய தொகை, உங்களுக்கும் பெரிய தொகை.

புரோக்கருக்கு? 450 இலட்சத்துக்கு மூன்று வீதம் 13 இலட்சத்து 50 ஆயிரம். 430 இலட்சத்துக்கு 12 இலட்சத்து 90 ஆயிரம். வித்தியாசம் 60 ஆயிரம் ரூபாய். இந்த 60 ஆயிரத்துக்காக அவர் 12 இலட்சத்து 90 ஆயிரத்தைக் காற்றில் விடுவாரா? இரண்டு மாதம் இழுபட்டு நீங்கள் கைவிட்டுப் போனால் அவருக்கு ஒரு சதமும் இல்லை.

"புரோக்கர் விலையை ஏற்றுவதற்கே நிற்கிறார்" என்ற பேச்சு இந்த இடத்தில் பிழையாகிப் போகிறது. பேச்சு தொடங்கும்போது அவர் உங்களை மேலே தள்ளுவார், உண்மைதான். விற்பவர் சொன்னதைத்தானே அவரும் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் உண்மையாகவே வாங்கக்கூடிய ஆள் என்று தெரிந்த பிறகு, அவர் விற்பவரின் வீட்டு விறாந்தையில் இருந்து, "ஐயா, இந்தக் காலத்தில இவ்வளவு தர ஆள் வந்ததே பெரிய விஷயம்" என்று கதைத்துக்கொண்டிருப்பார். அந்தக் கதைக்கு வேண்டிய சரக்கைக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

இலண்டனில் இருக்கும் மச்சான் வேறு மாதிரிச் சொல்வார். இங்கிலாந்தில் முகவர் என்பவர் விற்பவரால் நியமிக்கப்பட்டவர், வாங்குபவர் சொன்ன விலையை உடனுக்குடன் விற்பவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரே வீட்டை நான்கு புரோக்கர்கள் கையில் வைத்திருப்பார்கள். அவர்களில் இரண்டு பேர் உரிமையாளரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், இன்னொரு புரோக்கரிடமிருந்து கேள்விப்பட்டவர்கள். நீங்கள் சொன்ன விலை வழியில் இரண்டு கை மாறித்தான் உரிமையாளரிடம் போகும், சில நேரம் போகாமலும் நிற்கும். ஆகையால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: "நீங்கள் உரிமையாளரோடு நேரே கதைக்கிறீர்களா?"

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புரோக்கர் எதிரியும் இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை. விலை கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் மாறாது. வியாபாரம் முடிகிறதா இல்லையா என்பதில்தான் அவருடைய முழுக் கூலியும் கிடக்கிறது.

கேட்கிற விலை எங்கிருந்து வந்தது?

புறக்கோட்டை நடைபாதையில் சட்டைக்கு 2500 சொல்வார்கள். நீங்கள் 1000 சொல்வீர்கள். நடக்கத் தொடங்கினால் பின்னால் கூப்பிடுவார்கள். இந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் சரிவராது. சட்டைக்காரரிடம் அதே மாதிரிச் சட்டை நூறு இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் அவருடைய அம்மா வாழ்ந்த வீடாக இருக்கலாம். பாதி விலை சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துவார். புரோக்கரும் உங்கள் இலக்கத்தைப் பார்த்தால் எடுக்க மாட்டார்.

ஆனால் ஒன்று இரண்டிலும் பொது. முதலில் காதில் விழும் எண் மனதில் ஊன்றிவிடுகிறது. இதை நங்கூர விலை என்று வைத்துக்கொள்வோம்: பேச்சு முழுவதையும் தன்னைச் சுற்றியே சுழல வைக்கும் முதல் எண். 450 என்று கேட்ட பிறகு 430 மலிவாகத் தெரியும். அதே வீட்டை 400 என்று கேட்டிருந்தால் 430 அநியாயமாகத் தெரிந்திருக்கும்.

நங்கூரத்தை அறுக்க ஒரே வழி, உங்களிடம் உங்கள் சொந்தக் கணக்கு இருப்பது. இங்கே அது இலகுவல்ல. விற்ற விலைகளைப் பார்க்கச் சட்டென்று திறக்கக்கூடிய பட்டியல் கிடையாது. இக்மன் இணையத்தளத்திலும் ஞாயிறு வீரகேசரி விளம்பரங்களிலும் இருப்பவை கேட்கிற விலைகள். மத்திய வங்கி கொழும்பு மாவட்டத்துக்குக் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டி ஒன்றை வெளியிடுகிறது. விலைகள் ஏறுகின்றனவா படுத்திருக்கின்றனவா என்று அதில் தெரியும், உங்கள் ஒழுங்கையின் விலை தெரியாது. அதற்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரி, மூலைக் கடைக்காரர், அந்தப் பகுதியில் உறுதி எழுதும் நொத்தாரிசு, தொடர்மாடி என்றால் அதன் நிர்வாகக் குழுச் செயலாளர். "போன வருசம் அந்த மூன்றாம் மாடி எவ்வளவுக்குப் போனது?" என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். நாலும் சுற்றி நிற்கும் இடத்தில்தான் விலை இருக்கிறது.

தனி வீடு என்றால் காணியையும் கட்டடத்தையும் பிரித்துப் பாருங்கள். காணியை இங்கே பேர்ச்சில் அளக்கிறோம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். கணக்குக் காட்டுவதற்காக மட்டும் ஓர் உதாரணம், இன்றைய சந்தை விலை என்று எடுக்க வேண்டாம்: 7 பேர்ச் காணி, அந்த ஒழுங்கையில் பேர்ச் 50 இலட்சம். காணி மட்டும் 350 இலட்சம். மேலே நிற்பது ஐம்பது வருடத்துப் பழைய வீடு, கட்டட வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது 60 இலட்சத்துக்கு மேல் பெறாது என்றார். மொத்தம் 410. கேட்கிற விலை 450. இப்போது அந்த 40 இலட்சம் என்ன என்று கேட்க உங்களுக்கு வாய் வந்துவிட்டது.

அந்த பாஸைக் கூட்டிப் போவதற்கு ஒரு நாள் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். கடலோரப் பக்கத்தில் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு வீங்கித் தட்டை வெடிக்க வைக்கும். புதுப் பெயின்ற் அடித்து மறைத்திருப்பார்கள். கால்வாய்ப் பக்கத்தில் பார்த்தால், பெருமழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரைவிட அயலவர் சரியாகச் சொல்வார்கள். பழைய வயரிங், அஸ்பெஸ்டஸ் கூரை, ஒழுகும் தண்ணீர்த்தாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய்க் கணக்கு எழுதி வாங்குங்கள். அந்தச் செலவையும் கழித்து உங்கள் கணக்கு 410இலிருந்து 395க்கு இறங்கியது என்று வைப்போம்.

ஏன் என்றால், வெறும் எண்ணைப் புரோக்கர் விற்பவரிடம் கொண்டுபோனால் அது அவமானமாகப் போய்ச் சேரும். காரணத்தோடு கொண்டுபோனால் கணக்காகப் போய்ச் சேரும். "395 தான் தருவாராம்" என்பதற்கும், "காணிக்கு இவ்வளவு, கூரை மாற்ற இவ்வளவு என்று பாஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் 395 சொல்கிறார்" என்பதற்கும் உள்ள தூரம் அதுதான்.

ஒஃபர் என்பது எண் மட்டும் இல்லை

ஒஃபர் என்ற சொல்லை எல்லோரும் விலை என்ற பொருளில்தான் சொல்கிறோம். உண்மையில் ஒஃபர் என்பது ஒரு பொட்டலம்: எவ்வளவு தருவேன், எப்போது தருவேன், எங்கிருந்து தருவேன், என்னென்ன சரியாக இருந்தால் தருவேன், இந்த நான்கும் சேர்ந்த வாக்கு. புதிதாக வருபவர்கள் முதலாவதில் மட்டும் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். மற்ற மூன்றுக்கும் விலை உண்டு, பல நேரம் விற்பவருக்கு அவைதான் பெரிது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விற்பவர் ஒரு அம்மா, அவருடைய மகள் கனடாவில். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, ஓகஸ்டில் பயணம். இவருக்கு வேண்டியது ஓகஸ்டுக்கு முன் முழுக் காசு. 440 தருகிறேன் என்று ஒருவர் வருகிறார், ஆனால் வங்கிக் கடன் கிடைக்க மூன்று மாதம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். நீங்கள் 420 தருகிறீர்கள், காசு கையில், ஆறு வாரத்தில் உறுதி எழுதலாம். அம்மா எதை எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுவளமாகவும் நடக்கும். விற்பவர் தான் வாங்கும் புது வீடு முடியும்வரை இங்கேயே இருக்க விரும்பலாம். உறுதி எழுதிய பிறகும் மூன்று மாதம் வாடகையில்லாமல் இருக்க விடுகிறேன் என்று நீங்கள் சொன்னால், அது உங்களுக்கு அதிகம் செலவில்லாத சலுகை, அவருக்கு இரண்டு முறை வீடு மாறும் தொல்லை மிச்சம். ஆனால் எந்தத் தேதிக்கு வெளியேறுவார் என்பதையும் தாமதித்தால் என்ன என்பதையும் எழுத்தில் வாங்காமல் இந்தத் தாராளத்தைக் காட்ட வேண்டாம்.

இவற்றை எப்படி அறிவது? புரோக்கரைக் கேட்டுத்தான். இந்த இடத்தில் அவர் தங்கச் சுரங்கம். மூன்று கேள்விகள் போதும். ஏன் விற்கிறார்கள்? எவ்வளவு நாளாக விற்கப் பார்க்கிறார்கள்? இதற்கு முன் யாராவது ஒஃபர் கொடுத்தார்களா, அது ஏன் முடியவில்லை? மூன்றாவதுக்கு வரும் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. "வங்கி கடன் கொடுக்கவில்லை" என்றால் உறுதியில் ஏதோ சிக்கல் இருக்கலாம். "உரிமையாளர் கடைசி நேரத்தில் விலையை ஏற்றினார்" என்றால் உங்களுக்கும் அதையே செய்வார். வீடு வங்கியில் ஈட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால், கடன் பாக்கிக்குக் கீழே அவரால் இறங்க முடியாது. அந்தத் தரை எங்கே என்று தெரியாமல் அதற்குக் கீழே பேரம் பேசுவது நேரத்தை வீணாக்குவது.

தொடர்மாடி என்றால் இன்னும் இரண்டு விடயம். வாகனத் தரிப்பிடம் உறுதியில் இருக்கிறதா, வாய்ப்பேச்சிலா? பராமரிப்புக் கட்டணம் நிலுவை எவ்வளவு? உறுதியே இன்னும் எழுதப்படாத தொடர்மாடி வீடுகளும் காட்டப்படும். "வந்துவிடும், வேலை நடக்குது" என்பார்கள். எத்தனை வருடமாக நடக்கிறது என்று கேளுங்கள். எனக்கென்றால், உறுதி இல்லாத வீட்டை எந்தக் கழிவிலும் வேண்டாம்.

சரி, இங்கே ஒரு நிமிடம் நிற்போம். விலைக்கு உங்கள் சொந்தக் கணக்கு வேண்டும். ஒஃபரில் விலையோடு காலமும் காசின் மூலமும் நிபந்தனைகளும் சேரும். விற்பவருக்கு எது அவசரம் என்பதைப் புரோக்கரிடமிருந்து கறக்கலாம். அடுத்தது, அவர் உங்களிடமிருந்து எதைக் கறப்பார் என்பது.

எதைச் சொல்வது, எதை அமுக்குவது

வீட்டுக்குப் போவதற்கு முன், கணவனும் மனைவியும் மேசையில் இருந்து ஒரு கடதாசியில் ஓர் எண்ணை எழுதுங்கள். அதற்கு எழும்பிப் போகும் விலை என்று பெயர் வைப்போம்: இதற்கு ஒரு ரூபாய் மேலே போனாலும் கும்பிட்டுவிட்டு எழும்பி வர நீங்கள் முடிவுசெய்த விலை. எழுதும்போது வீட்டு விலையோடு மற்றச் செலவையும் சேர்க்க மறக்க வேண்டாம். வாங்குபவர் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை, அதாவது சொத்து கைமாறும்போது அரசுக்குச் செலுத்தும் வரி, முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம். 430 இலட்சம் வீட்டுக்கு அது 17 இலட்சத்து 19 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் நொத்தாரிசின் கட்டணம். வீட்டு விலைக்கு மட்டும் காசைச் சேர்த்து வைத்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கடதாசி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. "கடைசியா எவ்வளவு போடுவீங்கள், சும்மா எனக்கு மட்டும் சொல்லுங்கோ" என்று புரோக்கர் கேட்பார். சிரித்துக்கொண்டு, "இந்த வீட்டுக்கு நான் போட்ட கணக்கு 395, கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள், பார்க்கிறேன்" என்று சொல்லலாம். "எனக்கு மட்டும்" சொன்னது அன்றைக்குப் பின்னேரமே உரிமையாளரிடம் போய்விடும். அது துரோகம் இல்லை, அவர் தொழில். "பிடிச்சுப் போச்சு, மனைவி திரையெல்லாம் பார்த்துவிட்டாள்" என்பதையும் அமுக்குங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதிக்காக இந்த வீதியில்தான் முகவரி வேண்டும் என்பதையும் அமுக்குங்கள். அது தெரிந்தால் உங்கள் பலம் முழுக்கப் போய்விடும்.

உரக்கச் சொல்ல வேண்டியவையும் உண்டு. காசு தயாராக இருக்கிறது, அல்லது வங்கி இவ்வளவு வரை தருவதாகக் கடிதம் தந்திருக்கிறது. நொத்தாரிசு பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வீடும் பார்க்கிறேன், இந்த மாதத்துக்குள் ஒன்றை முடிக்கப் போகிறேன். கடைசி வசனம் பொய்யாக இருக்கக் கூடாது. உண்மையாகவே இரண்டாவது வீடு ஒன்று கையில் இருந்தால் உங்கள் குரலே மாறும், பாருங்கள்.

பேச்சு தொடங்கிய பிறகு, நீங்கள் ஏறும் படிகளைப் புரோக்கர் எண்ணிக்கொண்டிருப்பார். 395இலிருந்து 405, பிறகு 415 என்று பத்துப் பத்தாக ஏறினால், அடுத்தது 425 என்று அவருக்குத் தெரியும். 395, 407, 413, 415 என்று படி சுருங்கினால், முடியப் போகிறது என்று யாரும் சொல்லாமலே விளங்கும். அவர்கள் இறங்கும் படியையும் இதே கண்ணோடு பாருங்கள். 450இலிருந்து 440, பிறகு 437 என்றால் அவர்களும் தரையைத் தொடப் போகிறார்கள். அப்புறம் ஒன்று: அவர்கள் பதில் சொல்லாமல் நீங்களாக இரண்டாவது முறை ஏறாதீர்கள். "கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ" என்பது பதில் இல்லை. பதில் என்றால் ஓர் எண்.

ஒவ்வொரு படியையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், முதல் வீடு பார்த்த நாளிலிருந்தே. இன்ன வீட்டை இன்ன தேதியில் இவர்தான் காட்டினார் என்பதும் அதில் இருக்கும். இல்லாவிட்டால் ஒரே வீட்டைக் காட்டிய இரண்டு புரோக்கர்கள் உறுதி எழுதும் நாளில் வாசலில் நிற்பார்கள்.

"இன்னொரு பார்ட்டி வந்திருக்கு"

இந்த வசனம் எப்படியும் வரும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம். அது உண்மையா பொய்யா என்று அறிய உங்களிடம் வழி இல்லை, அறிய முயல்வதும் வீண். உண்மை என்றால் என்ன செய்வீர்களோ அதையே பொய் என்றாலும் செய்யுங்கள்: கடதாசியில் எழுதிய எண்ணைப் பாருங்கள். அதற்குக் கீழே இன்னும் இடம் இருந்தால், விலையைத் தொடுவதற்கு முன் பொட்டலத்தில் மற்றதைத் தொட்டுப் பாருங்கள். முற்பணத்தைக் கூட்டலாம், காலத்தைக் குறைக்கலாம். கூடவே ஒரு முடிவுத் தேதியும் வையுங்கள்: "என் 415 செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி வரை. அதற்குப் பிறகு நான் மற்ற வீட்டுப் பக்கம் போகிறேன்." இப்போது அவசரம் புரோக்கரின் பக்கம் மாறிவிடும். கமிஷன் கணக்கு நினைவிருக்கிறதுதானே.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பதில் வராவிட்டால், ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் எடுத்துக் கேட்கக் கூடாது. இது சொல்ல இலேசு, செய்யக் கஷ்டம். நான் ஒருமுறை ஏழு மணிக்கு எடுத்துவிட்டேன். அந்த அழைப்புக்கு எட்டு இலட்சம் போனது.

கை குலுக்கினால் முடிந்துவிட்டதா?

இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் மெல்லமாகப் போவோம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணியோ வீடோ விற்பதற்கான உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் முன் அதற்கு வலு இல்லை. வாய்ப்பேச்சு, வாட்ஸ்அப், கைகுலுக்கல், தேநீரோடு வந்த பூந்திலட்டு எதுவும் யாரையும் கட்டாது. 415க்கு ஒத்துக்கொண்ட உரிமையாளர் அடுத்த நாள் 425க்கு வேறொருவருக்குக் கொடுக்கலாம். நீங்களும் அதேபோல மனம் மாறலாம். இந்தப் பக்கத்தைச் சிலர் மறந்து, "சொல்லிவிட்டேனே" என்று வெட்கத்துக்காகச் சிக்கிய வீட்டை வாங்குகிறார்கள்.

"டோக்கன் அட்வான்ஸ் ஒரு ஐந்து இலட்சம் வையுங்கோ, வேறு ஆளுக்குக் காட்டமாட்டம்" என்று கேட்பார்கள். அதற்குக் கையெழுத்து ரசீது ஒன்று தருவார்கள். அந்த ரசீது காசைத் திருப்பிக் கேட்க உதவலாம், வீட்டைக் கேட்க உதவாது. அதுவும் காசு புரோக்கர் கையில் போயிருந்தால் திருப்பி எடுப்பதற்கு அலைச்சல் தனி.

உங்களைக் காப்பது விற்பனை உடன்படிக்கை: இன்ன விலைக்கு, இன்ன காலத்துக்குள், இன்ன நிபந்தனைகளோடு விற்கிறேன் வாங்குகிறேன் என்று நொத்தாரிசு முன்னால் இருவரும் ஒப்பமிடும் பத்திரம். முற்பணம் அப்போதுதான் கொடுக்க வேண்டும், வழக்கமாக விலையில் பத்து வீதம் அளவில், உரிமையாளர் பெயருக்குக் காசோலையாக. உறுதியில் குறை கண்டால் முற்பணம் முழுதும் திரும்பும் என்ற வரி அதில் இருக்கட்டும். வங்கிக் கடன் எடுப்பவர் அது கிடைக்காவிட்டாலும் திரும்பும் என்று சேர்க்கப் பாருங்கள். வங்கி நீங்கள் பேசிய விலையைப் பார்த்துக் கடன் தராது, தன் மதிப்பீட்டாளர் போடும் விலையைப் பார்த்துத்தான் தரும்.

நொத்தாரிசு உங்கள் ஆளாக இருக்க வேண்டும். "எங்கட லோயரே ரெண்டு பக்கமும் செய்வார், செலவு குறையும்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உங்கள் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் வழக்கமாக முப்பது வருடத்துப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்ப்பார், சோலைவரி நிலுவை இருக்கிறதா, வீதி அகலிப்பில் காணித் துண்டு போகுமா என்று மாநகர சபையில் சான்றிதழ் எடுப்பார். இதில் வரும் ஒவ்வொரு குறையும் பேரத்தை மீண்டும் திறக்க நியாயமான காரணம். காரணமே இல்லாமல் கடைசி நாளில் விலையைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

உரிமையாளர் டொரன்டோவில், தம்பி இங்கே நின்று விற்கிறார் என்றால், அற்றோர்ணித் தத்துவத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அது. அதில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்ற இரண்டும் முக்கியம். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஒருமுறை வீடியோ அழைப்பில் அவரோடு நேரே கதைத்துவிடுங்கள். விலையும் அப்போதுதான் உண்மையாகப் பேசப்படும். மறுபக்கமாக, வாங்கப் போகிறவர் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்குவதைத் தடுக்கிறது. தொடர்மாடியின் மேல்மாடிகளுக்கு விதிவிலக்கு உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் தடை இல்லை. வீடு பிடித்த பிறகல்ல, தேடுவதற்கு முன்னமே இதை வக்கீலிடம் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: நொத்தாரிசு முன்னால் ஒப்பமிடும்வரை எல்லாம் பேச்சு. பெரிய காசு அதற்கு முன் கை மாறக் கூடாது.

உறுதியில் குறைத்து எழுதுவோமா?

"300 என்று எழுதுவம், மிச்சம் கையில் தாங்கோ, உங்களுக்கும் தீர்வை குறையும்" என்று பேச்சு வரும். சலுகை போலத்தான் தெரியும். முத்திரைத் தீர்வை, எழுதிய எண்ணுக்கு அல்ல, சொத்தின் சந்தைப் பெறுமதிக்கு உரியது. பிறகு மதிப்பீடு செய்து குறையைக் கேட்டால் கட்ட வேண்டியவர் நீங்கள். கையில் கொடுத்த காசுக்கு எந்த அத்தாட்சியும் இல்லை. நாளைக்கு நீங்கள் விற்கும்போது, 300க்கு வாங்கியதாகத்தான் பதிவு இருக்கும், இலாபம் பெரிதாகத் தெரியும், மூலதன ஆதாய வரியும் அதற்கேற்ப ஏறும். இதில் இலாபம் விற்பவருக்கு மட்டும். சட்டத்துக்கும் புறம்பானது. ஒஃபர் கொடுக்கும்போதே "முழு விலையும் உறுதியில்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், கடைசி வாரத்தில் இந்தக் கதை எழும்பாது.

புரோக்கரின் கூலி

வீட்டு விலையை அவ்வளவு நுணுக்கமாகப் பேசியவர்கள் இதைப் பேச மறப்பதுதான் எனக்கு விளங்காத புதிர். வீட்டைக் காட்ட அழைத்துப் போகும் முதல் நாளே கேளுங்கள்: உங்கள் கமிஷனை யார் தருகிறார்கள், என்னிடமும் எதிர்பார்க்கிறீர்களா, எத்தனை வீதம்? உங்களோடு வேறு புரோக்கரும் சேர்ந்திருந்தால் அந்தப் பங்கு உங்களுடையதிலிருந்துதானே? எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் அவர் சொன்னதுதான் வீதம். முன்னமே கேட்டால் அதையும் பேசலாம்.

எப்போது கொடுப்பது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முற்பணம் வைக்கும் நாளில் பாதி கேட்பார்கள். அந்த நாளுக்கும் உறுதி எழுதும் நாளுக்கும் இடையில்தான் அத்தாட்சி தேடுவது, சோலைவரி நிலுவை, வாடகைக்கு இருப்பவரை எழுப்புவது என்று தொல்லை எல்லாம் வரும். அந்த நாட்களில் உரிமையாளருக்குத் தொலைபேசி எடுத்து எடுத்து இழுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரே ஆள் புரோக்கர்தான். அதனால் முழுக் கூலியும் உறுதியில் ஒப்பமிடும் நாளில், நொத்தாரிசின் அலுவலகத்திலேயே, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.